அந்த ரயிலை வெட்டாதீர்கள்

என் கௌசி மச்சாளுக்கு,

யாராவது அவசரத்தில் "கவுசி" என்று கூப்பிட்டால் நீ திரும்பியும் பார்க்கமாட்டாய். அதனால் வாயைத் திறந்து, பிறகு குவித்து, முழுதாக ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் உன் பெயரை எழுதினேன். இனிக் கேள்.

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வசனம்: "அந்த ரயிலை வெட்டாதீர்கள்." கொட்டாஞ்சேனையில், சைக்கிள் கடையொன்றுக்கு மேலே இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில், உன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வசனம் வாய்வரை வந்தது. பாட்டில் ஓர் எழுத்தை விழுங்கினாலே நீ சண்டைக்கு வருவாய். நான் ஒரு முழு வசனத்தை விழுங்கினேன்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் வாசிக்கப்போகிறார்கள். வீட்டுக் கதையை நாலு பேர் முன்னால் வைப்பது எனக்கு எவ்வளவு கூச்சம் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் இது அச்சில் வரவேண்டும் என்றே எழுதுகிறேன். எனக்கு அருவருப்பாக இருக்கிறது, மச்சாள். அதை உள்ளே வைத்துக்கொண்டிருந்தால் நானும் நாறிப்போவேன்.

உனக்குத் தெரிந்ததை அவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். நீ என் மாமியின் ஒரே மகள். யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்கு வந்தபிறகு, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில் நாங்கள் மூன்று பேரும் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். மாடிவீடு. ஒழுங்கை முடிகிற இடத்தில் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். டெங்குக் காய்ச்சல் வந்து ஒரு கிழமைக்குள் நீ போய்விட்டாய். இருபத்தாறு வயது. ஷெல் விழுகிற ஊரிலிருந்து உன்னைக் காப்பாற்றிக் கொண்டுவந்த மாமி, கடைசியில் ஒரு நுளம்பிடம் உன்னைப் பறிகொடுத்தா.

நாங்கள் இருவரும் பாட்டுப் படித்தது ஊர்ச் சங்கீத சபையில். சொல்லைப் படித்தது எங்கள் முன்னறைக்கும் குசினிக்கும் இடையில். ஒருத்தி முன்னறை யன்னலடியில் நின்று பாடுவாள். மற்றவள் குசினியில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் கேட்டதைக் கேட்டபடியே உரத்துச் சொல்லவேண்டும். வரியை முதலில் பக்கத்து அறை ஆளோடு கதைப்பதுபோலப் பேசிப் பார்ப்போம். பிறகு ஒரே சுரத்தில் வைத்துப் பாடுவோம். ராகம் அதற்குப் பிறகுதான். ராகம் ஏறியதும் எந்த உயிரெழுத்து உருமாறுகிறது என்று அப்போது பிடிபட்டுவிடும்.

'ஆ' என்றால் பல்லிடையில் இரண்டு விரல் போகவேண்டும் என்பாய். கமகத்தோடு சேர்ந்து தாடையும் ஆடினால் என் மோவாயில் தட்டுவாய். குறிலோடுதான் நாங்கள் அதிகம் மல்லுக்கட்டினோம். 'சிவ' என்பதை எவ்வளவு நேரம் நிறுத்தினாலும் அது 'சீவா' என்று ஆகிவிடக்கூடாது. வாயின் இடத்தை மாற்றாதே, மூச்சை மட்டும் நீட்டு என்று நீ கண்டுபிடித்த அன்றைக்கு, கேட்டுக்கொண்டு நின்ற மாமி சோற்றை அடிப்பிடிக்க விட்டுவிட்டா.

குழாய் சின்னப் பரீட்சை. பெரிய பரீட்சை ரயில். கல்கிசைப் பக்கம் போகிற பின்னேர ரயில், வேலை முடிந்த சனத்தைப் படிகளில் தொங்கவிட்டுக்கொண்டு, யன்னல் கண்ணாடி அதிர வரும். அந்த நேரம் குரலை உயர்த்தக்கூடாது என்பது உன் சட்டம். கத்தாமல், உயிரெழுத்தின் துலக்கத்தை மட்டும் நம்பி, சொல்லைக் குசினிவரை அனுப்பவேண்டும்.

"என்ன கேட்டது?" என்று நான் கேட்பேன்.

"'மொலர்' எண்டு கேட்டது. அது என்ன, முயலுக்குத் தம்பியோ?"

"வாயை மூடடி. அது 'மலர்'."

"நீ வாயைத் திறவடி. அப்பதான் 'மலர்' வரும்."

"ரெண்டு பேரும் திறந்தது காணும்," என்பா மாமி. "கீழ்வீட்டு மனுசி பொலிசைக் கூப்பிடப் போறா. நான் எந்த வாயைத் திறந்து பதில் சொல்லுறது?"

மாமி சொன்னது பாதிதான் பகிடி. காலி வீதி என்கிற பெரிய ரோட்டில் இறங்கினால் நாங்கள் தமிழை உதட்டுக்குள் வைத்துத்தான் கதைத்தோம். பஸ்ஸில், கடை வாசலில், அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கிற சோதனைச்சாவடியில், 'அம்மா' என்று கூப்பிடக்கூட வாய் அரைவாசிதான் திறந்தது. ஒருநாள் நீ யன்னலைத் திறந்தபடி சொன்னாய்: "ரோட்டில வாயை மூடிப் பழகிட்டம். அதே வாயோட மேடையில ஏறினா எப்பிடியடி 'ஆ' வரும்?" நம் சங்கீதத்தைப் பற்றி நான் வாசித்த எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. சபையிலும் ஒருவரும் சொன்னதில்லை. அவர்கள் அந்த அரைவாய்க்குக் 'குழைவு' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சபைச் செயலாளர் சிவபாலன் அங்கிளை நீ மறந்திருக்கமாட்டாய். நவராத்திரிக் கச்சேரி முடிந்து எல்லோரும் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு நிற்கும்போது, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பிள்ளை, குரல் நல்லம். ஆனா நீர் ரேடியோவில செய்தி வாசிக்கிற மாதிரியெல்லே பாடுறீர். சங்கீதத்தில சொல் கரைஞ்சு போகவேணும்."

"தேத்தண்ணிக்குள்ள சீனி கரைஞ்சாலும் இனிப்புத் தெரியவேணுமே, அங்கிள். தெரியாட்டி அது சுடுதண்ணி."

சுண்டல் சாப்பிட்டவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு உனக்குத் தனிக் கச்சேரி கிடைக்கவில்லை. கூட்டுப்பாட்டில் பின்வரிசை. நீ வீட்டுக்கு வந்து அழவில்லை. இரவல் ரேப் ரெக்கோடர் ஒன்றைக் கொண்டுவந்து, "நானே பதியப்போறன்" என்றாய்.

அந்தக் கசெற்றில் உள்ள மூன்றாவது பாட்டு ஒரு பதிகம். அதை உடனே தொடங்க நீ விடவில்லை. ஒழுங்கை முனையில் ரயில் கேற்றின் மணி அடித்தபிறகுதான் பொத்தானை அழுத்தச் சொன்னாய். நான் குசினிக்கு ஓடினேன். ரயில் வந்தது. நீ குரலை உயர்த்தவில்லை. ஒரு சொல்கூடத் தவறாமல் என்னிடம் வந்து சேர்ந்தது. ரயில் போய்க் கடல் திரும்பக் கேட்கிறபோது நீ கடைசி வரியில் நின்றாய். பிறகு கசெற்றின் விளிம்பில் இருக்கிற அந்தச் சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்தெறிந்தாய். "இனி இதுக்கு மேல ஒருத்தரும் பதியேலாது." அவ்வளவு சந்தோசமாக உன்னை நான் பிறகு பார்க்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் சாப்பிட்டுப் போகிறவர்களின் கையில் ஒரு நினைவுப் புத்தகம் கொடுப்பது நம்மவர் வழக்கம். உன் செத்தவீட்டிலேயே சிவபாலன் அங்கிள் பொறுப்பெடுத்துக்கொண்டார். "புத்தகம் எல்லாரும் அடிக்கினம். நாங்கள் பிள்ளையின்ர குரலைக் குடுப்பம்." மாமி அலுமாரியிலிருந்து கசெற்றை எடுத்துக் கொடுத்தா. வேறு பிரதி இல்லை. இப்படித்தான் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். பஸ்ஸில் மாமியும் நானும் ஒரு சொல் கதைக்கவில்லை, வழக்கம்தானே.

ஒலிப்பதிவுக் கூடத்தை வைத்திருந்தவர் நவ்பர் நானா. நல்ல மனிதர்; மாமிக்கு முதலில் விசிறியைத் திருப்பிவிட்டார். மூன்றாவது பாட்டில் ரயில் வந்ததும் அங்கிள் கதிரையில் நிமிர்ந்தார்.

"இதென்ன, நடுவில கோச்சியெல்லே ஓடுது! சபையின்ர பேரில போற கசெற்றில கோச்சியோ?"

"ஒண்டும் பயப்பட வாணாம் சேர்," என்றார் நவ்பர் நானா. "கோச்சி வார எடத்த வெட்டி, ரெண்டு பக்கத்தையும் ஒட்டி, மேலால கீபோட் ஓட விடுறன். மத்ததுக்கெல்லாம் எக்கோ போட்டா சோக்கா இரிக்கும். கோயிலுக்குள்ள நிண்டு பாடுற மாதிரி."

எக்கோவைத் திருகிக் காட்டினார். உன் குரல் பெருத்தது. ஒவ்வோர் உயிரெழுத்தின் வாலும் அடுத்த எழுத்தின் மேல் போய் விழுந்தது. அகரம் அடங்குமுன் இகரம், இகரம் அடங்குமுன் உகரம். இரண்டு விரல் வைத்து, தாடையைப் பிடித்து, குழாயைத் திறந்து நீ துலக்கியதெல்லாம் ஒரு குமிழைத் திருப்பியதில் கூழாகிவிட்டது. "அற்புதம்! இதுதான் குழைவு!" என்றார் அங்கிள்.

மாமி அழுதுகொண்டு என் கையை இறுக்கிப் பிடித்தா. மகள் கோயிலில் பாடுவதைக் கேட்டுவிட்டா, அந்தச் சந்தோசத்தைக் கெடுக்க நான் யார் என்று நினைத்தேன். அதனால்தான் அந்த வசனத்தைச் சொல்லவில்லை. வெட்டினார்கள்.

அந்தியேட்டியில் அங்கிள் பேசினார். "கௌசல்யாவின் சிறப்பே உச்சரிப்புத் தெளிவு. அதைக் கண்டுபிடித்து வளர்த்தது எங்கள் சபை." நான் பாயாச வாளியோடு நின்றேன். அவருக்கும் ஊற்றினேன். முந்திரிகைப் பருப்பாகப் பார்த்து ஊற்றும்படி சொன்னார்.

இது கோபம் இல்லை, மச்சாள். எங்களை வாய் மூடவைத்தவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு; அது சூடானது, நேரானது. இது வேறு. தன் இலைச் சோற்றில் தலைமயிர் கிடந்தால் வருகிற அருவருப்பு. பட்டு வேட்டி, சந்தனப் பொட்டு, தமிழ் என்ற சொல்லுக்கே கண் கலங்குகிற முகங்கள். அந்த முகங்களுக்குத் தமிழ்ச் சொல் ஒன்று காதில் முழுதாக விழுந்தால் பிடிக்காது. ஏன்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கியிருந்ததா?

இப்போது சபையில் உன் பெயரில் ஒரு போட்டி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் உன் கசெற்றைப் போட்டுக் கேட்டுப் படித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு சின்னப் பெண், எக்கோ தேய்கிற இடமெல்லாம் தன் குரலையும் 'ஆ… ஓ… ஓ' என்று தேய்த்துப் பாடினாள். எவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறாள், பாவம். அவளுக்குத்தான் முதற்பரிசு. "அப்பிடியே கௌசி!" என்றார் ஒரு நடுவர். நான் எழும்பி வெளியே வந்து, வாசல் வடிகானில் துப்பினேன். உண்மையாகவே துப்பினேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது மாமி கசெற்றைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தா. மூன்றாவது பாட்டு முடிந்ததும் நிறுத்தினா.

"பிள்ளை, இதில கோச்சி எங்க?"

"வெட்டேக்க நீங்களும் இருந்தனீங்கள்தானே, மாமி?"

"இருந்தனான். பெரிய மனுசர் கதைக்கினம். பாட்டுத் தெரிஞ்ச நீயும் பேசாமல் இருக்கிறாய். அப்ப வெட்டத்தான் வேணுமாக்கும் எண்டு நினைச்சன்."

"நீங்கள் அழுதீங்கள். சந்தோசத்தில எண்டெல்லே நான்…"

"என்ன சந்தோசம்? அது அவளின்ர குரலே இல்லையெண்டு அழுதனான். நீ ஏதும் சொல்லுவாய் எண்டுதானே உன்ர கையைப் பிடிச்சனான்."

மற்ற நாளே மூலக் கசெற்றைக் கேட்டு அங்கிள் வீட்டுக்குப் போனேன். சிரித்த முகத்தோடு கொண்டுவந்து தந்தார். நீ உடைத்த துண்டு இருந்த ஓட்டையின் மேல் ஸெலோடேப் ஒட்டியிருந்தது.

"பரிசளிப்பைப் பதியப் புதுக் கசெற் கிடைக்கேல்லை, பிள்ளை. நல்ல கசெற், வீணாக்கக்கூடாது பாரும். பிள்ளையின்ர பாட்டுத்தான் எல்லா வீட்டிலையும் இருக்கே."

ஒரு சொல்லும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு வந்தேன் என்று நினைக்காதே. இந்தத் தடவை சொன்னேன். வாசலில் நின்று, வாயைத் திறந்து, பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும்படி, குறில் குறிலாகவும் நெடில் நெடிலாகவும் சொன்னேன். இங்கே எழுத வேண்டியதில்லை. சபையில் என் பெயரையும் வெட்டச் சொல்லிவிட்டு வந்தேன்.

கசெற்றின் இரண்டு பக்கமும் அவருடைய பேச்சு. உன் குரல் ஓரிடத்திலும் மிச்சம் இல்லை. அவர் பேசியதில் ஒவ்வோர் உயிரெழுத்தும் துலக்கமாகக் கேட்கிறது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்தப் பதிகத்தை நான் பாடுவேன். மேடையில் இல்லை, கசெற்றிலும் இல்லை. முன்னறையில், யன்னலைத் திறந்துவைத்து, ரயில் வரும்போது, குரலை உயர்த்தாமல். எல்லாச் சொல்லும் போய்ச் சேரும்வரை பாடுவேன்.

நேற்றுப் பின்னேரம் பாடினேன். மாமி குசினியில் நின்று, கேட்டதைக் கேட்டபடியே உரத்துச் சொல்லிக்கொண்டு வந்தா. ரயில் போனபிறகு எட்டிப் பார்த்துச் சொன்னா: "மூண்டாவது வரி விளங்கேல்லை. நாளைக்கும் கோச்சி வரும். பாடு."

உன் மாமன் மகள்,
வானதி
வெள்ளவத்தை