உன் போனில் ஓடும் கோடு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. அந்த ஒரு வரியை இந்தத் தடவை விட்டுவிட்டேன். நீ, மருமகள், குட்டி மூன்று பேரும் சுகமாக இருக்க வேண்டும், எனக்கு அது போதும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில்தான் சொல்லப் பார்த்தேன். நீ "அம்மா" என்று கூப்பிட்டதும் என் வாய் தானாக "நல்லா இருக்கோம்டா" என்று சொல்லிவிடுகிறது. போதாக்குறைக்கு உங்கப்பா கட்டிலில் படுத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நம் பம்ப் மெக்கானிக்கிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து, படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கலாம். தங்கமான பிள்ளைதான், ஆனால் உங்கப்பா கட்சி. நேரே அவரிடம் போய், "அம்மா எல்லாத்தையும் எழுதிட்டாங்கய்யா" என்று ஒப்பித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். அதனால் தபாலில் போடப்போகிறேன். எப்போது வந்து சேருமோ தெரியாது.

முதலில் நீ போட்டுக்கொடுத்த சோலார் பம்ப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீ முதலில் கேட்பதும் அதைத்தானே. நன்றாக ஓடுகிறது. வெயில் ஏறியதும் யாரும் தொடாமல் தானாகப் போட்டுக்கொள்கிறது, சாயங்காலம் தானாக நின்றுவிடுகிறது. கண்ட்ரோலர் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டைப் போட்டு, எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று உன் போனில் கோடாகத் தெரியும்படி செய்துவிட்டுப் போனாய். "இனிமே அங்கேருந்தே உங்களைப் பாத்துக்குவேம்மா" என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். நீ பார்த்தது பம்ப்பைத்தான், எங்களை இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. கோபமாகச் சொல்லவில்லை. இல்லை, கோபமாகத்தான் சொல்கிறேன், போ.

வெயில் விழும் பக்கம் மாறுகிறது, பேனலின் சாய்வை மாற்றினால் தண்ணீர் இன்னும் கூட வரும் என்று அப்பாவிடம் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? ஸ்டாண்டில் இருக்கும் போல்ட்டைக் கழற்றி அடுத்த துளையில் மாட்ட வேண்டும். ஒருவர் சட்டத்தைத் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் கழற்ற வேண்டும், தனியாகத் தொடவே தொடாதீர்கள் என்று மெக்கானிக் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். உங்கப்பா என்றைக்கு யார் பேச்சைக் கேட்டார்? "ரெண்டு போல்ட்டைக் கழட்ட ஊரையே கூப்பிடணுமா" என்று ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு போனார். இரண்டு பக்கத்துப் போல்ட்டையும் ஒரேயடியாக உருவிவிட்டார். கண்ணாடியும் இரும்புச் சட்டமுமாக அப்படியே சுழன்று வந்து இடுப்பில் அடித்து, அவரைக் கீழே போட்டு அமுக்கிவிட்டது. நான் கத்திய கத்தலில் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் அவருடைய ஆட்களும் ஓடிவந்து தூக்கினார்கள். தூக்கிய சட்டத்தை எப்படியாவது நிறுத்த வேண்டுமே, கைக்கு அகப்பட்ட துளையில் போல்ட்டை மாட்டினார்கள். அது நீ சொன்ன துளையாகவே அமைந்துவிட்டது.

அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டாய். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன், உடம்பெல்லாம் மண். "பாத்தியாம்மா, கோடு எப்படி ஏறிடுச்சு! அப்பாகிட்ட சொல்லு" என்று சிரித்தாய். சொல்கிறேன் என்றேன். உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை, கண்ணா. நீ நல்லதுக்குத்தான் சொன்னாய். ஆனால் அந்தச் சிரிப்பு இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

இடுப்பெலும்பு உடைந்திருந்தது. ஆபரேஷன் செய்தால் இதயம் தாங்காது என்று விட்டுவிட்டார்கள். உனக்குச் சொல்லலாம் என்று நான் வாயெடுத்ததும் உங்கப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவனுக்கு அந்த நாட்டுல நிரந்தரமா தங்குற பேப்பர் கைக்கு வர்ற வரைக்கும் மூச்சு விடக்கூடாது. நடுவுல கிளம்பி வந்தான்னா திரும்ப உள்ளே விடமாட்டாங்க. இத்தனை வருஷமா அவன் பட்ட பாடு என் இடுப்போட போகணுமா? மீறிச் சொன்னேன்னா உன் கையால ஒரு வாய் தண்ணிகூட வாங்க மாட்டேன்" என்றார். வீம்பு பிடித்த மனுஷன், சொன்னதைச் செய்வார். போனில் கேமரா கெட்டுவிட்டது என்று உன்னிடம் சொல்லச் சொன்னதும் அவர்தான். நீ பேசும்போதெல்லாம் முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுக்கச் சொல்வார், அப்போதுதான் குரல் கொஞ்சம் எழும்பும். ஒருநாள், "என்னப்பா, குரல் ஒரு மாதிரியா இருக்கு?" என்று கேட்டாய். நான் போனைப் பிடுங்கிச் சளி என்றேன். நீயும் நம்பிவிட்டாய். இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன்டா.

தோட்டம் போய்விட்டது. தக்காளிச் செடியெல்லாம் கருகிவிட்டது, பீன்ஸ் கொடி பந்தலிலேயே சுருண்டுகிடக்கிறது. தண்ணீர் இருக்கிறது, பாத்திக்குத் திருப்பிவிட ஆள் இல்லை. அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகுப் புண்ணைக் கழுவி, துணிகளை அலசிப் போடவே எனக்குப் பொழுது சரியாக இருக்கிறது. தொட்டி நிரம்பி வழிந்து தெருவில் ஓடுகிறது. நிறுத்திவிடலாம் என்றால் விடமாட்டார். "கோடு படுத்துடுச்சுன்னா பையன் பதறிப்போயிடுவான்" என்கிறார். ஆக, உன் போனுக்காகத் தண்ணீர் இறைத்துத் தெருவில் விட்டுக்கொண்டிருக்கிறோம். இப்படியொரு விவசாயத்தை உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

தூசி படிந்தால் கோடு இறங்குமாம். அதனால் கண்ணாடி சூடேறுவதற்கு முன்னால் நான்தான் போய்த் துடைத்துவிட்டு வருகிறேன். சூட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும் என்று அதற்கும் படுத்த இடத்திலிருந்தே பாடம் நடத்துவார். நடுவில் கொஞ்ச நாள் துடைக்காமல் விட்டேன். வேண்டுமென்றுதான் விட்டேன். கோடு இறங்கட்டும், என்னமோ ஏதோ என்று பிள்ளை ஓடிவருவான் என்று நினைத்தேன். நீ மெக்கானிக்கை அனுப்பினாய். அவன் பேனலைப் பளபளவென்று கழுவி, போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினான். பதிலுக்கு நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்றை அனுப்பினாய். "அண்ணன் சந்தோஷமாயிட்டாரும்மா" என்று அதை எனக்கும் காட்டினான். அவன் போன பிறகு பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு வாயில் துணியை வைத்து அழுதேன். உங்கப்பாவுக்குக் காது மட்டும் இன்னும் கூர்மையாக இருக்கிறது.

இப்போது பேச்சு குறைந்துவிட்டது. சில நேரம் என்னையே யார் என்பதுபோல் பார்க்கிறார். காலையில் கண்ணைத் திறந்ததும் கேட்பது ஒன்றுதான், "தண்ணி விழுதா?" விழுது என்று சொல்லி ஜன்னலைத் திறந்துவிடுவேன். தொட்டியில் விழும் சத்தம் காதில் பட்ட பிறகுதான் ஒரு ஸ்பூன் பால் தொண்டையில் இறங்குகிறது. நேற்று, "பையன் பாக்கறானா?" என்றும் கேட்டார். பார்க்கிறான் என்றேன். அதற்கு ஒரு சிரிப்பு சிரித்தார், நான் ஜன்னலை இன்னும் அகலமாகத் திறந்துவைத்தேன்.

டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுக் கைவிரித்துவிட்டார். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டதாம். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்கம்மா" என்றார். உன்னை விட்டால் எனக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள்? வேலை போனால் போகட்டும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீ அங்கே எத்தனை பேருடன் ஒரே அறையில் படுத்து, எப்படி மேலே வந்தாய் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் வராதே என்று எழுதவும் கை வரவில்லை. அந்த மனுஷனுக்கு உன்னைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. வாயைத் திறந்து சொல்லமாட்டார். நான் சொல்கிறேன்.

இது கைக்கு வந்ததும் என்னைக் கூப்பிடாதே, மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன். இங்கே பகலாக இருக்கும் நேரம் பார்த்து உன் போனைத் திறந்து கோட்டைப் பார். அவர் காதுக்கு அந்தச் சத்தம் வேண்டியிருக்கும் வரைக்கும் நான் பம்ப்பை நிறுத்த மாட்டேன். மேகம் வந்தால் கோடு தள்ளாடும், தூசி படிந்தால் இறங்கும், அதற்கெல்லாம் பயப்படாதே. எப்படியோ ஓடிக்கொண்டிருந்தால் உங்கப்பா இருக்கிறார் என்று அர்த்தம். பேப்பர், வேலை எதையும் யோசிக்காமல் போட்டது போட்டபடி கிளம்பி வா.

கோடு அடியோடு நின்றுபோயிருந்தால் அவசரம் வேண்டாம். பேப்பர் முடிந்த பிறகே வா. வேளாவேளைக்குச் சாப்பிடு, மருமகளையும் குட்டியையும் பத்திரமாகப் பார்த்துக்கொள். எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணா.

உன்னைப் பெற்றவள்,
அம்மா