கறுப்பு மண்ணில் போட்ட நங்கூரம்

11 மே 2003, ஞாயிறு. மோர்டன், லண்டன்.

சம்பந்தி அழகப்பன் பெண்சாதியோடும் மகனோடும் வந்து போனார். மலேசியா ஈப்போவிலிருந்து இங்கே படிக்க வந்து, எஞ்சினியராகி, ஓய்வும் பெற்று, இப்போது கிரேக்கத்தில் ஒரு பாய்ப்படகு வைத்திருக்கிறார். படகின் பெயர் பவளக்கொடி. பெண்சாதியின் பெயரும் பவளக்கொடி. அந்த அம்மா பக்கத்திலேயே இருந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மனிதர் முப்பத்தாறு படம் காட்டினார், முப்பத்தைந்தில் படகு. மிச்சம் ஒன்றில் மகன் லோகன், ஒக்ரோபரில் எங்கள் மகள் மேனுஷாவுக்குத் தாலி கட்டப்போகிறவன். அதிலும் பாதி ஆளைப் பாய் மறைத்துவிட்டது.

"யாழ்ப்பாணத்துக்காரங்கன்னா கடல் ரத்தத்திலேயே இருக்குமே?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? நான், "ஓம், எங்கட குடும்பத்தில கப்பல் ஓட்டின ஆக்கள் இருக்கினம். மூண்டு பாய்க்கப்பல். பர்மா வரைக்கும்" என்றேன்.

என் பெண்சாதி தவமலர் கையில் தட்டோடு அப்படியே நின்றாள்.

நான் சுன்னாகம், கடல் இல்லாத ஊர். அப்பா வெங்காயமும் புகையிலையும் பயிர் செய்தவர். எனக்கு நீச்சல் தெரியாது. கப்பல் ஓட்டியது கணேசலிங்கத்தின் பாட்டன். கணேசலிங்கம் என் தங்கை நகுலேஸ்வரியின் புருஷன், வல்வெட்டித்துறை ஆள். இருவரும் லண்டனின் மறுகோடியில், பிளேஸ்டோவில் இருக்கிறார்கள். 84இல் அவள் அவரைக் கட்டியபோது, கடற்கரை ஆட்கள், எங்கள் சாதி இல்லை, அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்று சொன்னேன். பத்தொன்பது வருடமாகக் குடிக்கவில்லை. இன்று அந்த வீட்டிலிருந்து மூன்று கப்பலை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

13 மே

அழகப்பன் போன் எடுத்தார். ஆகஸ்டில் ஒரு கிழமை முழுக்க எல்லாரும் படகுக்கு வரவேண்டுமாம். "நங்கூரம் போடுற வேலை உங்களுதுதான் சம்பந்தி. கப்பல்காரர் இருக்கும்போது எனக்கென்ன கவலை!"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

7 ஜூன், சனி

நேரில் போய்க் கலியாணம் சொல்லவேண்டிய வீடுகளைத் தவமலர் எழுதினாள். நாற்பத்தொரு வீடு. மேனுஷா பட்டியலைப் பார்த்துவிட்டு, "மாமி எங்க?" என்றாள்.

"எந்த மாமி?"

"அப்பா, ப்ளீஸ்."

மைல் எண்ட் பல்கலைக்கழகத்தில் படித்த மூன்று வருடமும் எனக்குத் தெரியாமல் பிளேஸ்டோ போய் மாமியிடம் சாப்பிட்டவளாம். இப்போதுதான் சொல்கிறாள். மாமியும் மாமாவும் வராவிட்டால் தான் மணவறையில் ஏறமாட்டாளாம். ஏறுவாள். மண்டபம் பிடித்தாயிற்று.

ஏறுவாள்தானே?

15 ஜூன்

என் காலை இரத்தச் சீனி 7.1, ஏழுக்குக் கிட்ட இருந்தால் நல்லது. நாள் முழுக்க மருந்துக்கடையில் மற்றவர்களுக்கு நீரிழிவு மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவனுக்கு இது போதும்.

20 ஜூலை, ஞாயிறு

நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்தேன். நங்கூரம் போடுவதற்கென்றே ஒரு முழு அத்தியாயம். காற்றுக்கு முகம் கொடுத்து மெல்ல வரவேண்டும். படகை நிறுத்திவிட்டு இறக்கவேண்டும். ஆழத்தைப்போல ஐந்து மடங்கு சங்கிலி விடவேண்டும். கரையில் இரண்டு பொருளைக் குறித்துவைத்து, அவை நகர்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். கடலின் அடி மண்ணைப் பற்றி எட்டுப் பக்கம் இருந்தது. தோட்டக்காரன் மகனுக்கு மண்ணைப் பற்றி வெள்ளைக்காரன் புத்தகமா? அதை விட்டுவிட்டேன்.

குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, முள்ளுக்கரண்டியை நூலில் கட்டி, சவர்க்காரப் பெட்டியில் பழகிப் பார்த்தேன். தவமலர் கதவைத் திறந்தாள், பார்த்தாள், சாத்திவிட்டுப் போனாள்.

16 ஆகஸ்ட்

கிரேக்கத்துக்கு விமானம். கீழே கடல் தெரிந்ததும் யன்னல் மறைப்பை இழுத்துவிட்டேன்.

17 ஆகஸ்ட். படகில்.

காலையில் அழகப்பன் பாதுகாப்பு வகுப்பு எடுத்தார். மிதவை அங்கி இங்கே, தீயணைப்பான் அங்கே, ஆபத்தென்றால் இந்த ஹோர்ன். குப்பிபோல் ஒரு சாமான், தலையை அமத்தினால் ஊதும். ஐம்பது நிமிடம். கழிவறையை எப்படிப் பாவிப்பது என்பதற்கு மட்டும் இருபது. பவளக்கொடி அம்மா அந்த நேரத்தில் முழுப் படகையும் கட்டவிழ்த்து, தேநீரும் போட்டு முடித்திருந்தார்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

இன்று நடந்ததை எழுதுவதில் பெருமையில்லை. ஆனாலும் எழுதவேண்டும்.

பதினொரு மணிக்கு ஒரு குடாவுக்குள் வந்தோம். மூன்று பக்கமும் பாறை, கரையில் ஒரு சின்ன வெள்ளைத் தேவாலயம், ஒரு சாப்பாட்டுக் கடை. எங்களுக்குப் பின்னால் ஒரு ஜெர்மன்காரரின் படகு. என்னை முன்னால் நிறுத்தினார் அழகப்பன். தண்ணீர் கண்ணாடிமாதிரி. அடியில் ஓரிடம் வெளிறிக் கிடந்தது, வெறும் மணல். ஓரிடம் நல்ல கறுப்பு. அப்பா காணி வாங்கப் போனால் எதைப் பார்ப்பார்? மண்ணின் நிறத்தை, வெளிறினதைத் தொடமாட்டார். கறுப்பைக் காட்டினேன்.

"புல்லு மாதிரி தெரியுதே?" என்றார்.

"இல்லை. நல்ல மண்."

"நீங்க சொன்னா சரி."

ஆழம் ஆறு மீட்டர். முப்பது மீட்டர் சங்கிலி, பெயின்ட் அடையாளம் பார்த்துச் சரியாக விட்டேன். அழகப்பன் எஞ்சினைப் பின்னுக்குக் கொடுத்துப் பார்த்தார், படகு நகராமல் நின்றது. முதுகில் தட்டினார். எனக்கும் மெய்யாகவே மூன்று கப்பல் சொந்தம்போல இருந்தது.

அவர்கள் எல்லாரும் சிறு படகில் கடைக்குச் சாப்பிடப் போனார்கள். தவமலர் அந்த ரப்பர் படகில் ஏறமாட்டேன் என்றதால் நானும் நின்றேன். "கப்பல்காரர் இருக்காரே, பவளக்கொடி பத்திரமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அழகப்பன் பவளக்கொடி அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார்.

மூன்று மணிக்குக் காற்று எழும்பியது.

"இஞ்சாருங்கோ," என்றாள் தவமலர், "அந்தக் கோயில் நடக்குது."

கோயில் நடக்கவில்லை. நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் ஜெர்மன்காரரின் படகு, அதற்கும் பின்னால் பாறை. லோகனுக்குப் போன் எடுத்தேன். மணி எங்கள் காலடியில் அடித்தது. எல்லாப் போனையும் நனையும் என்று விட்டுப் போயிருந்தார்கள்.

கடல் தெரிந்த ஆள் உலகத்தில் எனக்கு ஒருவர்தான், கணேசலிங்கம். நம்பர் தவமலரின் போனில் இருந்தது. எப்படி இருந்தது என்று கேட்க நேரமில்லை.

"மச்சான்" என்றேன். அந்தச் சொல் அவரை அழைக்க என் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. "நங்கூரம் இழுபடுது. என்ன செய்யிறது?"

"ஆர்... குகதாசன் அண்ணையோ?"

"ஓம், ஓம். கெதியாச் சொல்லுங்கோ!"

"அண்ணை, எனக்கு நங்கூரம் தெரியாது. பாட்டன்ர கப்பல் நான் பிறக்க முதலே வித்தாச்சு. எனக்கு நீந்தவும் ஏலாது. நான் பஸ் ஓட்டுறனான்."

பாறை இன்னும் கிட்ட வந்தது.

"ஹோர்ன் இருக்கே?" என்றார். "அமத்திப் பிடியுங்கோ, விடாதேங்கோ. ஆராவது திரும்பிப் பாப்பினம். பஸ்ஸில நான் அதைத்தான் செய்யிறனான்."

அமத்திப் பிடித்தேன். குடா முழுக்கக் கேட்டது. ஜெர்மன்காரப் பெண்மணி அரைத் தூக்கத்தில் எழும்பி, எங்களைக் கண்டு, மோதினால் தாங்கக் கையில் கிடைத்த மிதவைகளை எல்லாம் தன் படகின் ஓரத்தில் தொங்கவிட்டாள். அழகப்பன் கரையிலிருந்து துடுப்புப் போட்ட வேகம்! அவளுடைய படகில் மோத இரண்டு முழம் மிச்சம் இருக்கும்போது ஏறி எஞ்சினைப் போட்டார். நங்கூரம் மேலே வந்தது, ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்குப் போதுமான புல்லோடு.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன்.

"எனக்குத் தெரியாது சம்பந்தி. கறுப்பாத் தெரிஞ்சது, நல்ல மண் எண்டு நினைச்சன். நாங்கள் வெங்காயம் செய்த ஆக்கள். கப்பல் என்ர தங்கச்சியின்ர புருஷன்ர பாட்டன்ர."

"வெங்காயமா!" என்றார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் திரும்பிக்கொண்டார். பவளக்கொடி அம்மா சுக்கானைப் பிடித்தார். வெளிறிய மணலில் இரண்டு நிமிடத்தில் நங்கூரம் போட்டு முடித்தார்கள். படகு அசையவில்லை.

மேனுஷா சிரிக்கவில்லை. "கப்பல் வேணுமெண்டா மாமியாக்கள் எங்கட ஃபமிலி. வெடிங்குக்கு மட்டும் இல்லையா அப்பா?"

அவள் கேட்டது சரி. கடற்காரன், கடற்காரன் எண்டு பத்தொன்பது வருஷமாத் தள்ளி வைச்சிருக்கிறன், அந்த மனுசன் கடலில காலே நனைக்கேல்லை. நனைச்சிருந்தா மட்டும் என்ன? என்ர தங்கச்சியல்லோ. வெக்கமாக் கிடக்கு.

20 ஆகஸ்ட்

அழகப்பன் இன்று நங்கூரத்துக்குத் தன் பெண்சாதியை முன்னால் நிறுத்தினார். எனக்கு வெங்காயம் உரிக்கிற வேலை. நன்றாகச் செய்தேன்.

7 செப்டெம்பர், ஞாயிறு

பட்டியலில் நாற்பத்திரண்டாவது வீடு. என் கையாலேயே எழுதினேன். தவமலரும் நானும் பாங்க் ஸ்டேஷனில் ரயில் மாறிப் பிளேஸ்டோ போனோம். தவமலருக்கு வழி கேட்கவேண்டியிருக்கவில்லை.

கணேசலிங்கம் கதவைத் திறந்தார். ஷிப்ட் முடிந்து வந்த உடுப்பு, தலை முழுக்க நரை. "படகு தப்பிச்சுதே?" என்றுதான் முதலில் கேட்டார். சுவரில் பாட்டனின் கப்பல் இருக்கும் என்று நினைத்திருந்தேன். மேனுஷா பட்டம் வாங்கிய படம் இருந்தது.

குங்குமம் கொடுத்துக் கலியாணம் சொன்னேன். "கட்டாயம் வரவேணும்" என்று மனப்பாடம் பண்ணியதில் பாதிதான் வந்தது. தங்கை நகுலேஸ் குசினிக்குள் போனாள். ஒரு கோப்பை தேத்தண்ணியோடு வந்தாள். எனக்கு நேரே நீட்டவில்லை. மேசையில் வைத்துவிட்டு, எடுக்கிறேனா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

எடுத்தேன். மூன்று கரண்டி சீனி, நான் 84இல் குடித்த மாதிரியே. எனக்கு நீரிழிவு வந்து ஒன்பது வருடம் என்று இங்கே வந்துபோனவர்களில் ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லைப்போல. தவமலர் வாய் திறக்கப் போனாள், முறைத்தேன்.

முழுக்கக் குடித்தேன்.

8 செப்டெம்பர்

காலைச் சீனி 13.4. தவமலர் திட்டுகிறாள். வாற ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே வரச்சொல்லியிருக்கிறார்கள். போகிறோம்.