முதுகில் ஒட்டிய மருந்தைக் குடிபோதை என்று எழுதியது தொடர்பாக

அனுப்புநர்:
நீராவி இஸ்திரிக்காரரின் மனைவி,
மடிப்பு மேசைத் தொழிலாளி,
சலவைக்கூடத் தொழிலாளர் குடியிருப்பு, மூன்றாம் மாடி.

பெறுநர்:
தலைமை மருத்துவ அதிகாரி அவர்கள்,
அரசு பொது மருத்துவமனை.

பொருள்: வலி மருந்து ஒட்டியிருந்த என் கணவரைக் குடிகாரர் என்று அடித்துப் போட்டதும், அதை நம்பி மருத்துவமனை மருந்தை நிறுத்தியதும் – மருந்தைத் திரும்பத் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு மரியாதையாக எழுத வரும். ஆனால் பக்கத்து அறையில் என் கணவர் துண்டைக் கடித்துக்கொண்டு அலறும்போது எழுதுகிறேன். எங்காவது வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. என் கணவருக்கு முதுகெலும்பில் புற்றுநோய். மாத்திரைக்கு வலி அடங்காததால், தங்கள் வலி நிவாரணப் பிரிவில் பிளாஸ்திரி போல முதுகில் ஒட்டும் மருந்து கொடுத்தார்கள். அது அபின் வகை மருந்து என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. நல்ல மருந்து, குறை சொல்ல மாட்டேன். படுத்த படுக்கையாகக் கிடந்தவர் எழுந்து வேலைக்கே போனார். மருந்துக் கவுண்டரில் இருந்தவர், "மூணு நாளைக்கு ஒண்ணு, தோள்பட்டைக்குக் கீழ ஒட்டுங்க, அடுத்த ஆளு வாங்க" என்றார். அவ்வளவுதான். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

2. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். இஸ்திரிப் பிரிவில் சுவரோரமாக நீராவிக் குழாய் ஓடுகிறது. பழைய துண்டுகளைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். முதுகு விட்டுப்போனால் அதில் சாய்ந்து ஒத்தடம் வாங்கிக்கொள்வது அங்கே எல்லோருக்கும் வழக்கம். அன்று சாப்பாட்டு இடைவேளையில் அவரும் சாய்ந்தார். சூடு பட்டால் அந்த மருந்து மளமளவென்று உடம்பில் இறங்கும், இறங்கினால் மூச்சே மட்டுப்படும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

3. இஸ்திரி இயந்திரத்துக்குத் திரும்பியவர் நின்றபடியே கண் செருகினார். வலது கை உள்ளே இருக்க, கொதிக்கும் மேல் பலகை இறங்கியது. கை பொசுங்கியும் அவர் கத்தவில்லை. வாடை வந்துதான் மடிப்பு மேசையில் இருந்த நாங்கள் திரும்பினோம். பலகையைத் தூக்கியபோது உள்ளங்கைத் தோல் துணியோடு வந்தது.

4. மேற்பார்வையாளர் ஓடி வந்தார். "பகல்லயே ஏத்திட்டு வந்துட்டியாடா?" என்று, கீழே கிடந்தவரை விலாவில் உதைத்தார். ஒரு தடவை அல்ல. வாளித் தண்ணீரை முகத்தில் அடித்தார். காலரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தார், தலை வாசற்படியில் மோதியது. "அண்ணே, வாயில வாடையே இல்லண்ணே, உதடு நீலமா இருக்கு பாருங்க" என்று துணி வண்டி தள்ளுபவர் கெஞ்சினார். "நீ என்ன டாக்டரா?" என்று அவருக்கும் ஓர் அறை விழுந்தது. என் கணவரோ குறட்டை போல இழுத்து இழுத்து மூச்சு விட்டார். பிறகு அதுவும் விட்டு விட்டு வந்தது. மேற்பார்வையாளர் மறுபடி காலை ஓங்கினார். நான் துணி வண்டியின் இரும்புக் கைப்பிடியை உருவி அவர் தாடையில் அடித்தேன். தாடை உடைந்தது. இதை நான் யாரிடமும் மறைக்கவில்லை.

5. ஆம்புலன்சில் வந்த செவிலியர் சட்டையைக் கிழித்து, பிளாஸ்திரியைப் பிய்த்தெறிந்து, அந்த மருந்தை முறிக்கும் ஊசி போட்டார். "இதை ஒட்டிக்கிட்டு சூட்டுல சாயலாமாம்மா? இது கூட தூக்க மாத்திரை சேர்ந்தாலும் ஆபத்து, குடிச்சாலும் ஆபத்து. யாருமே சொல்லலையா?" என்று என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார். அந்தத் திட்டை முதல் நாளே கவுண்டரில் வாங்கியிருந்தால் என் கணவரின் கை முழுதாக இருந்திருக்கும் ஐயா.

6. அவர் பிழைத்தார். ஆனால் மேற்பார்வையாளர் சொன்னதை வைத்து, குடிப்பவருக்கு இந்த மருந்து தர முடியாது என்று எழுதி ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். ரத்தத்தைச் சோதிக்கவில்லை. படிப்படியாகக் குறைக்கவும் இல்லை. நிறுத்தியதிலிருந்து வாந்தி, நடுக்கம், வியர்வை. வலி ஏறினால் நெற்றியைச் சுவரில் மோதிக்கொள்கிறார், சுவரில் ரத்தம் துடைத்து மாளவில்லை. நேற்று, தலையணையை முகத்தில் வைத்து அழுத்திவிடச் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் எதையும் கேட்டு வாங்கத் தெரியாத மனிதர் அவர்.

7. மேற்பார்வையாளர் தரப்பிலிருந்து சமரசத்துக்கு ஒருவர் வந்தார். "அவரு குடிச்சிருந்தாருன்னு ஒரு கையெழுத்துப் போடும்மா, உன் மேல இருக்கற கேஸை வாபஸ் வாங்கிடறோம்" என்றார். போட்டால் நான் வெளியே இருப்பேன், அவருக்கு இந்த ஆயுசில் மருந்து கிடையாது. போட முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சமரசத்துக்கு வந்தவர் மேல் நான் கை வைக்கவில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

எனவே, குடி என்ற சொல்லை என் கணவரின் கோப்பிலிருந்து அடித்துவிட்டு, மருத்துவர் சரியென்று சொல்லும் அளவில் மருந்தை இன்றே தொடங்க வேண்டுகிறேன். இனி இதை வாங்க வரும் ஒவ்வொருவரிடமும் என்ன வேலை என்று கேட்டு, சூட்டையும் குடியையும் தூக்க மாத்திரையையும் பற்றிப் புரிகிற பேச்சில் சொல்லி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கச் சொல்லி, அதன் பிறகு கொடுக்க ஆணையிடுங்கள்.

திங்களன்று என் வழக்கு விசாரணைக்கு வருகிறது. அடித்ததற்கு உள்ளே போகத் தயார். அப்போது அவரைப் பார்த்துக்கொள்ளப் போவது என் நாத்தனார். அண்ணன் மேல் உயிரையே வைத்திருப்பவள். அவர் லேசாக முனகினாலும் மனசு கேட்காமல், வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து முதுகில் வைத்துவிடுவாள். அதற்குள் ஒரு செவிலியரை அனுப்பி அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள் ஐயா. நான் சொன்னால் கேட்க மாட்டாள்.

இடம்: தொழிலாளர் குடியிருப்பு
நாள்: விசாரணைக்கு முந்தைய வெள்ளி

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
இஸ்திரிக்காரரின் மனைவி