கோட்டின் மேல் விழுந்த ஷட்டில்

அன்புள்ள பார்ட்னருக்கு ('அன்புள்ள' என்பதை யோசித்துத்தான் எழுதினேன்),

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு சொல்லைக்கூட மாற்றமாட்டேன்.

நம் துவாரகா சொசைட்டி குடியிருப்பின் பேட்மிண்டன் போட்டிகளில் கோட்டு நடுவர் கிடையாது. நம் பக்கம் விழுவதை நாம்தான் சொல்ல வேண்டும். இறுதி ஆட்டத்தின் கடைசிப் புள்ளியில் நீ "அவுட்!" என்று கத்தினாய். ஷட்டில் கோட்டின் மேல் விழுந்ததை நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய். "உள்ளே" என்று கையைத் தூக்கினேன். கோப்பை போயிற்று.

"பெரிய ஜட்ஜ் மேடம்! உன்ன யாருடீ கேட்டா?" என்றாய், எல்லார் முன்னாலும். மறுநாளே ஷ்ரேயாவோடு ஜோடி சேர்ந்துவிட்டாய்.

போன டிசம்பர் பனிமூட்டத்தில், ஓட்டப் பயிற்சியின்போது, கோச் சார் டீ குடிக்கப் போன நேரத்தில், மைதானத்து மூலையைக் குறுக்கே வெட்டி ஓடியது நான். "சார் பாக்கலேன்னா ரவுண்டு சின்னதாயிடுமா? திரும்பிப் போடீ!" என்று விரட்டியது நீ. தேவையே இல்லாமல் நீயும் என்னோடு திரும்பி ஓடினாய். ஒழுங்கு என்று புத்தகங்களில் படித்ததெல்லாம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. கற்றுக்கொடுத்தவளே இப்போது கோபித்துக்கொண்டால் எப்படி?

மன்னிப்புக் கேட்கமாட்டேன். உன் முழங்கால் பட்டை என் பையில் இருக்கிறது. வேண்டுமென்றால் நீயே வந்து வாங்கிக்கொள்.

இன்று மாலையும் கோர்ட்டுக்குப் போனேன். உன் பாதியைக் காலியாக விட்டு, என் பாதியில் நின்று சர்வீஸ் போட்டேன். "தீதி, பார்ட்னர் நஹீ ஆயீ?" என்று நீ வராததைக் கேட்டார் வாசலில் காவல் நிற்கும் கார்டு பையா. வருவாள் என்று சொல்லிவிட்டேன். அவரும் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்திருந்துவிட்டு, விளக்குகளை அணைத்துவிட்டார்.

இப்படிக்கு,
இடது பாதியில் நிற்பவள்