சான்றிதழ் சர்வருக்கு எந்த இயங்குதளம்

ஹெய்செய் 31, ஏப்ரல் 4

நகராட்சியின் மூன்று சர்வர்களுக்கும் இயங்குதளம் தேர்ந்து சொல்லும்படி பிரிவுத் தலைவர் உத்தரவு. ஓய்வு பெற்று, வருட ஒப்பந்தத்தில் ஒட்டிக்கொண்டிருப்பவனிடம் ஏன்? பழி போட ஓர் ஆள் வேண்டுமோ? அறிக்கையில் எழுதியவை:

1. இணையதளத்துக்கு லினக்ஸ். உரிமக் கட்டணம் இல்லை. மாதக்கணக்கில் அணையாமல் ஓடும்.
2. ஊழியர் கணக்குகளுக்கும் கோப்புகளுக்கும் விண்டோஸ். மேசைக் கணினிகளிலும் அதுதான்.
3. சான்றிதழ் அச்சிடும் சர்வர் இப்போதுள்ள விண்டோஸிலேயே இருக்கட்டும்.

மூன்றாவதுதான் பயம். மே முதல் தேதி ஜப்பானுக்குப் புதிய மன்னர் பதவியேற்கிறார். அதோடு ஆண்டின் பெயர் 'ஹெய்செய்' போய் 'ரெய்வா' ஆகும்; எண்ணும் ஒன்றிலிருந்து தொடங்கும். அன்றே திருமணம் பதிய நாற்பது ஜோடிகள் வருகிறார்கள். சான்றிதழில் பழைய பெயர் விழுந்தால் யார் பதில் சொல்வது? நான்தான்.

ஏப்ரல் 9

கணினிப் பராமரிப்பு ஒப்பந்த நிறுவனத்துப் பெண் நாகாசே மூன்றாவதையும் லினக்ஸாக்கச் சொல்கிறாள். என் பெயரோடு 'சான்' என்று மரியாதை வேறு. "ஹிராகா சான், ஒரு மெஷின்ல போட்டு சோதிச்சே பாத்துட்டேன். ரெய்வா ஜோரா விழுது!"

கேட்காமலே ஏன் சோதித்தாள்? பராமரிப்பு முழுவதும் தன் நிறுவனத்துக்கே வரட்டும் என்றா?

"யோசிக்கலாம்" என்றேன். எங்கள் அலுவலகத்தில் அதற்கு முடியாது என்று பொருள். சிரித்துக்கொண்டே போனாள். ஏன் சிரித்தாள்?

ஏப்ரல் 17

"புதுப்பிப்பெல்லாம் போட்டாச்சா?" என்று நாகாசே இன்று கேட்டாள். வேவு பார்க்கிறாளா? மறுபடியும் "யோசிக்கலாம்" என்றேன்.

ஏப்ரல் 26

நாளை முதல் பத்து நாள் விடுமுறை; மே 1 அன்று திருமணப் பதிவுக்கு மட்டும் திறப்போம். சர்வரின் தேதியை முன்னே தள்ளி ஒரு சான்றிதழ் அச்சிட்டேன்.

'ஹெய்செய் 31, மே 1.'

அந்த நாகாசேதான் ஏதோ பண்ணிட்டா — வேற யாரு? சர்வரின் பதிவேட்டை வரிவரியாகப் பார்த்தேன். என்னைத் தவிர ஒருவரும் உள்ளே நுழையவில்லை. பிப்ரவரியில் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தியவனும் நானே. வேலை நேரத்தில் சர்வர் தானாக அணைந்து எழுமோ என்ற சந்தேகத்தில். புதிய பெயர் அந்தப் புதுப்பிப்பில்தான் வந்திருக்கும்.

இனி அதைப் போட்டுச் சோதிக்க நேரமில்லை; ஏற்கெனவே சோதித்து வைத்திருக்கும் நாகாசேயை அழைத்தேன்.

"ஊருக்குப் போக ரயில் டிக்கெட்டோட ஸ்டேஷன்ல நிக்கிறேன், ஹிராகா சான்."

"மன்னிக்கணும்... என் தப்பு."

"அப்போ லினக்ஸ் போடலாமா? இதுக்கும் 'யோசிக்கலாம்'னு சொல்லிடாதீங்க!"

"போடுங்க."

"வர்றேன். எங்கம்மாவுக்கு நீங்களே ஃபோன் போட்டு சமாதானம் சொல்லுங்க!"

சொன்னேன். திட்டு வாங்கினேன்.

ரெய்வா 1, மே 1

நாற்பத்து மூன்று ஜோடிகள். எல்லாச் சான்றிதழிலும் 'ரெய்வா'.

அறிக்கையின் மூன்றாவது வரி தவறு. அலுவலக வழக்கப்படி அதன் மேல் இரட்டைக் கோடு போட்டு, திருத்தியவன் நானே என்பதற்குப் பக்கத்தில் என் முத்திரையைப் பதித்தேன்.