பின்சுவரில் ஒரு பெட்டி

அக்டோபர் 3, வெள்ளி
வீட்டைச் சூடாக்கும் பழைய ஹீட்டர் ஒருவழியாக உயிரை விட்டது. அப்பா ஹீட் பம்ப் வாங்கிவிட்டார். வெளிக்காற்றில் இருக்கும் கொஞ்சநஞ்சச் சூட்டையும் இழுத்து வீட்டுக்குள் தள்ளுமாம். அதற்கு வெளியே ஒரு பெரிய பெட்டி வைக்க வேண்டும். எங்கே? அதுதான் தலைவலி. அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை. காலை எட்டரைக்குப் படுத்தால் மூன்று மணி வரையாவது தூங்க வேண்டும். பெட்டியோ நாள் முழுக்கச் சத்தத்தோடு ஓடும்.

“நீதான் புத்தகப்புழுவாச்சே, படிச்சுச் சொல்லு” என்று அப்பா கையேட்டை என் பக்கம் தள்ளினார். எழுபத்திரண்டு பக்கம்.

அக்டோபர் 5, ஞாயிறு
முன்பக்கம் ஆகாது. பெட்டியிலிருந்து சொட்டும் நீர் நடைபாதையில் உறைந்தால் யாராவது வழுக்கி விழுவார்கள். பக்கத்துச் சந்தும் ஆகாது. அடுத்த வீட்டுச் சமையலறை ஜன்னல் இரண்டடியில் இருக்கிறது. மிச்சம் பின்சுவர்தான். அதற்கு உள்பக்கம் அம்மாவின் அறை.

அம்மா கடைக்குப் போயிருந்தபோது நான் அவள் கட்டிலில் படுத்துக்கொண்டேன். அப்பா பெட்டிக்குப் பதிலாக, நீள ஒயர் போட்டு வாக்குவம் கிளீனரை வெளியே ஓடவிட்டு, இடம் இடமாக நகர்த்தினார். அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “என்ன சார், புல்லையும் பெருக்குறீங்களா?” என்றது எனக்கே கேட்டது. இடது மூலையில் வைத்தபோது சத்தம் வரவே இல்லை. சாக்பீஸால் குறி போட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்
மாலையில் மெக்கானிக் வந்தார். “தரையில நிறுத்தவா, சுவத்துல மாட்டவா?” சருகும் தண்ணீரும் சேராத உயரத்தில் வைக்கச் சொல்கிறது நாற்பத்தோராம் பக்கம். சுவரில் என்றேன். “சுவத்துல மாட்டினா அதிர்வு உள்ள வரும்மா.” நாங்கள் செய்த சோதனையைச் சொன்னேன். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “சரி, வீட்டுக்காரங்க சொன்னா சரி” என்று மெக்கானிக் துளை போட ஆரம்பித்தார்.

அக்டோபர் 12, ஞாயிறு
வீடு கதகதப்பாக இருக்கிறது.

அக்டோபர் 20, திங்கள்
அம்மா வீட்டுச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்திருக்கிறாள். “தூங்கலையாம்மா?” “தூங்கினேனே.” கண்கள் அப்படிச் சொல்லவில்லை.

அக்டோபர் 27, திங்கள்
பள்ளி அரை நாள்தான். பன்னிரண்டுக்கு வந்தால், கூடத்தில் சோபாவுக்கும் மேசைக்கும் நடுவே, கோட்டைப் போர்த்திக்கொண்டு அம்மா தரையில் கிடக்கிறாள். விழித்துத்தான் இருந்தாள்.

“உள்ள சத்தமாம்மா?”

“சத்தம்னு இல்லடி. பல்லுக்குள்ள ஏதோ ஓடற மாதிரி.”

“ஏன் சொல்லல?”

“நீ அவ்வளவு பாடுபட்டுப் பார்த்திருக்கே. எந்த வாயால சொல்றது?”

போய் அவள் தலையணையில் தலை வைத்தேன். காதுக்கு ஒன்றும் இல்லை. தாடைக்குள் ஒரு ரீங்காரம் — விடவே விடாது. கட்டிலைச் சுவரைவிட்டு நகர்த்தியும் பார்த்தாளாம். தரை வழியாக வருகிறது.

வாக்குவம் கிளீனர் புல்லில்தானே நின்றது? சுவரைத் தொடவே இல்லையே. மெக்கானிக் சொன்னாரே, வாய்விட்டுச் சொன்னாரே, நான் ஏன் கேக்கல? பதினெட்டு நாளா அம்மா இதுல படுத்திருக்கா.

அக்டோபர் 28, செவ்வாய்
மெக்கானிக்கை நானே ஃபோனில் கூப்பிட்டேன். “நீங்க சொன்னதுதான் சரிண்ணே.” “நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும்மா. குளிர் ஆரம்பிச்சிடுச்சு, எல்லாரும் கூப்பிடறாங்க. பதினஞ்சாம் தேதிதான் வர முடியும்.”

அக்டோபர் 31, வெள்ளி
அம்மா தூங்கும்போது பெட்டியை அணைத்தோம். குளிரில் விழித்துக்கொண்டாள். என் அறையில் படுத்துப் பார்த்தாள். தெருப்பக்கம், பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ்.

நவம்பர் 6, வியாழன்
இன்று அம்மா பஸ்ஸில் தூங்கி, மூன்று நிறுத்தம் தாண்டி இறங்கி, நடந்து வந்தாள்.

நவம்பர் 15, சனி
பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றி, தள்ளி, தரையில் கான்கிரீட் பலகை மேல், இரும்புக் கால்களில் நிறுத்தினார்கள். காலுக்கடியில் தடித்த ரப்பர். “இதுக்குப் புத்தகத்துல என்ன போட்டிருக்கு?” என்று மெக்கானிக் கேட்டார். கேலிதான்.

“நீங்களே சொல்லுங்கண்ணே.”

நவம்பர் 16, ஞாயிறு
அம்மா எட்டரைக்குப் படுத்தாள். பெட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மூன்று ஆயிற்று. நான்கு ஆயிற்று. அப்பா பயந்துபோய்ப் பூனை மாதிரி உள்ளே போய், அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். “வாயப் பொளந்துட்டுத் தூங்கறா.”

தட்டு எடுத்தால் சத்தம் வரும் என்று நாங்கள் இருவரும் சமையலறையில் நின்றபடியே ரொட்டியைக் கையில் வைத்துத் தின்றோம். இப்போது ஐந்தரை. கூடத்து சுவிட்ச் ‘டக்’கென்று அடிக்கும், அதனால் விளக்குப் போடவில்லை. வரி கோணலாகப் போகிறது.