வெண்கலத் தலையின் நிறை

அத்தான்,

பக்கத்து வீட்டு வளவில் இன்று வலைக்கு ஈயம் உருக்குகிறார்கள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் கறியை அப்படியே இறக்கி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்புப் படிப்போடு நின்ற கை. எழுத்து கோணலாய்த்தான் இருக்கும்.

என் அக்காவைக் கட்டி நீங்கள் பள்ளிமுனைக்கு வந்த நாளிலிருந்தே, கந்தோர் வேலை முடிந்தால் உங்களுக்கு அந்தக் காலத்தில் சாமான் நிறுத்த பழைய படிக்கற்கள்தான். மாந்தைப் பக்கம் கிணறு வெட்டுகிறவர்கள் கண்டெடுத்த வெண்கலத் துண்டு, கல்லுருண்டை, உடைந்த தராசுக்கோல் எல்லாம் உங்கள் அலுமாரிக்கு வந்து சேரும். உரோமாபுரிக் கப்பல்காரர் விட்டுப்போனவை என்பீர்கள். தட்டாரிடம் இரவல் வாங்கிய தராசில் ஒவ்வொன்றையும் மூன்று தரம் நிறுத்துக் கொப்பியில் எழுதுவீர்கள். அவற்றில் ஒன்று எலுமிச்சம்பழம் அளவில் ஒரு பெண்ணின் தலை. வெளியே வெண்கலம், உள்ளே ஈயம். "இதைக் கோலில தொங்கவிட்டு, முன்னும் பின்னும் தள்ளித்தான் அந்தக் காலத்துச் சனம் சாமான் நிறுத்தது, மச்சாள்" என்று காட்டினீர்கள்.

எனக்கோ உங்கள் மேல் கோபம். சந்தையில் பத்துப் பேர் முன்னால் என் இரண்டு இறாத்தல் படியைத் தூக்கிப் பார்த்து, "மச்சாள், இதை உப்புத் திண்டுபோட்டுது, நிறை காணாது" என்றீர்களே. மற்ற மீன்காரிகள் விட்டார்களா? "ஏனடி, வீட்டுக்குள்ளயே பொலிஸ் வச்சிருக்கிறாய்!" என்று கொடுப்புக்குள் சிரித்தார்கள். நீங்கள் கள்ளமில்லாமல்தான் சொன்னீர்கள். நான்தான் அதை ஆறு வருடம் வயிற்றுக்குள் வைத்திருந்தேன்.

சாமான் தட்டுப்பாட்டுக் காலம். எங்கள் வலைக்குக் கட்ட ஈயம் இல்லை. நீங்களும் அக்காவும் மடு மாதா திருவிழாவுக்குப் போகும்போது, பூட்டிய வீட்டின் திறப்பை என்னிடம் தந்தீர்கள். முகத்துக்குத்தானே பெறுமதி, உள்ளே கிடக்கிற ஈயத்தை யார் தேடப்போகிறார்கள் என்று நினைத்தேன். பகல் முழுக்க மீன் நிறுக்கிறவளுக்கு, படி என்றால் நிறைதான் என்பது அன்று தெரியாமல் போனது. தலையை அடுப்பில் சூடாக்கிக் கவிழ்த்து, வடிந்த மட்டும் ஈயத்தை வடித்தேன். மணலை இறுக்கி அடைத்து, மேலே மெல்லியதாய் ஈயம் ஊற்றி மூடி, கரி தேய்த்து இருந்த இடத்தில் வைத்தேன்.

பிறகு கொழும்பிலிருந்து பழம்பொருள் ஆராய வந்த பெரியவர் முன்னால் அதை நிறுத்தீர்கள். கொப்பியில் இருந்ததைவிடக் கால்வாசி குறைவு. மறுபடி நிறுத்தீர்கள். அதே குறைவு. "ஐயா, முதல்ல கண்ணாடியை மாத்துங்கோ" என்று சிரித்துவிட்டு அவர் எழும்பிப் போனார்.

அன்று பின்னேரம் எங்கள் வாசலில் வந்து நின்றீர்கள்.

"மச்சாள், நீர் அந்தத் தலையைத் தொட்டனீரோ?"

"மடு மாதாவாணை இல்லை, அத்தான்."

ஒரு வார்த்தை மறுத்துக் கேட்கவில்லை. "அப்ப நான்தான் பிழையாய் நிறுத்துப்போட்டன்" என்றீர்கள். அதோடு மற்றப் படிகளின் நிறையிலும் உங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் கொப்பியின் எல்லாப் பக்கத்துக்கும் குறுக்கே கோடு இழுத்தீர்களாம். அக்கா வந்து சொன்னாள். நான் மீன் அரிந்துகொண்டே கேட்டேன்.

பங்குச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன், மன்னிப்பும் தந்தார். உங்களிடம் வந்து சொல்ல உங்கள் வாசல் படலையைத் திறக்கத்தான் கை வரவில்லை. பிறகு அக்கா மண்ணுக்குப் போனாள். நீங்களும் போனீர்கள்.

போன கிழமை உங்கள் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏசுவாள் என்று நினைத்தேன். அவளோ, "அதுதானா சின்னம்மா? கடைசி மட்டும் அப்பா மருந்தைக்கூடத் தானாய் அளந்து குடிக்கேல்லை. 'என்ர கையை நம்பேலாது பிள்ளை, நீ ஊத்து' எண்டு கரண்டியை நீட்டுவார்" என்றாள்.

ஊரில் யார் என்னை என்ன குறை சொன்னார்கள் என்று இன்றைக்கும் ஒன்று விடாமல் ஒப்புவிப்பேன். அதில் முதல் ஆளாய் உங்களைத்தான் வைத்திருந்தேன். இப்போது கண்ணை மூடினால், மகளிடம் கரண்டியை நீட்டுகிற உங்கள் கைதான் தெரிகிறது.

நீங்கள் சரியாகத்தான் நிறுத்தீர்கள், அத்தான்.